நோயுற்ற கணவருக்காக ஓய்வூதியம் கேட்கும் மனைவி: அறிய வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

2016 ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஒரு நாட்காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க தாயொருவர் எமது சமூக சேவை நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் வைத்தியசாலைத் துண்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடகுக்கடைச் சிட்டை ஆகியவற்றோடு மூன்று கடிதங்களும் இருந்தன. உறைகள் பிரிக்கப்பட்டிருந்தன, கடிதங்கள் வாசிக்கப்பட்டிருக்கவில்லை.

“சுவாமி, இது அவற்றை கந்தோரிலயிருந்து வந்தது. சிங்களத்தில கிடக்கு. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. சம்பளம் ஏன் நிண்டு போச்சுது எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ” என்றார்.

கணவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் 22 ஆண்டுகள் சிற்றூழியராக வேலை செய்தவர். எட்டு மாதங்களுக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. மனைவி அடுத்த கிழமையே கந்தோருக்குப் போய் விடயத்தைச் சொல்லியிருக்கிறார். “சரி அம்மா, பாத்துக்கொள்ளுங்கோ” என்று அங்கே ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை விடுமுறைக்கான அனுமதி என்று அவர் நம்பிவிட்டார்.

முதலாவது கடிதம் விடுமுறை விண்ணப்பம் எங்கே என்று கேட்டது. இரண்டாவது கடிதம் விளக்கம் கேட்டது. மூன்றாவது கடிதம், அனுமதியின்றிச் சேவைக்குச் சமுகமளிக்காதபடியால் அவர் தமது பதவியை வெறிதாக்கிச் சென்றவராகக் கருதப்படுகிறார் என்று அறிவித்தது. அந்தக் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பதவியை வெறிதாக்கியவருக்கு ஓய்வூதியம் இல்லை. படுக்கையிலிருந்து எழும்ப முடியாத ஒருவர் 22 வருடச் சேவையை விட்டு ஓடிப்போனவராகக் கடதாசியில் பதியப்பட்டிருந்தார்.

இத்தகைய குடும்பங்கள் எமது கிராமங்களில் பல உண்டு. யுத்தத்தாலும், விபத்தாலும், நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களாலும் வலது குறைந்துபோன கணவருக்காகக் காரியாலயப் படியேறுபவர் பெரும்பாலும் மனைவிதான். ஆனால் எந்தப் படிவத்திலும் அவருடைய பெயருக்கு இடமில்லை. “ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்பதே அவருக்குக் கிடைக்கும் முதற் பதில். ஆதலால் அந்தத் தாயோடு நடந்து நாம் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது?

அரசாங்க ஊழியரின் ஓய்வூதியம் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு என்னும் விதிகளின்படி வழங்கப்படுகிறது. நிரந்தரமானதும் ஓய்வூதிய உரித்துள்ளதுமான பதவியில் குறைந்தது 10 ஆண்டுகள் சேவை செய்திருத்தல் அடிப்படைத் தகுதியாகும். ஓய்வுபெறும் வயது வருமுன்னரே ஒருவர் தொடர்ந்து வேலை செய்ய முடியாதவராகிவிட்டால், வைத்திய சபையின் சிபாரிசின் பேரில் மருத்துவக் காரணத்துக்காக அவரை ஓய்வுபெறச் செய்யலாம். மாதாந்த ஓய்வூதியத்தோடு, குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகை பணிக்கொடையாக ஒரே தடவையில் கிடைக்கும்.

விண்ணப்பம் ஊழியரின் திணைக்களத்திலிருந்து புறப்பட்டு ஓய்வூதியத் திணைக்களத்துக்குப் போகும். பணம் கொடுக்கும் பொறுப்பு பிரதேச செயலகத்தைச் சேரும். ஆகவே மூன்று காரியாலயங்கள், மூன்று கோவைகள். எந்த மேசையில் கடதாசி நிற்கிறது என்பதை அறியாமல் மற்றைய மேசையில் நின்று கேட்பதால்தான் பலருடைய பஸ் காசு வீணாகிறது.

முதலாவது ஆபத்து: எழுதாத விடுமுறை

நோய் வந்தவுடன் வைத்தியரிடம் ஓடுவது இயல்பு. விடுமுறைக் கடிதம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் அந்தக் கடிதமே. வாயால் சொன்ன செய்தி கோவையில் ஏறாது. வைத்தியச் சான்றிதழை இணைத்து, கணவரின் பெயரில் விடுமுறை கேட்டு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். சான்றிதழின் காலம் முடியுமுன் அடுத்ததை அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் வீட்டிலே வைத்திருக்க வேண்டும். சம்பளமற்ற விடுமுறையாக முடிந்தாலும் அது விடுமுறைதான், பதவி பறிபோகாது.

பதவி வெறிதாக்கல் அறிவித்தல் வந்துவிட்டால் ஒரு நாளும் தாமதியாமல் மேன்முறையீடு செய்ய வேண்டும். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட திகதி, வீடு திரும்பிய திகதி, நோயின் தன்மை ஆகியவற்றை வைத்தியசாலைப் பதிவிலிருந்து எழுத்தில் பெற்று இணைக்க வேண்டும். திணைக்களத் தலைவர் மறுத்தால் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும், மாகாண ஊழியராயின் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும் போகலாம். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக, 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையை நாடலாம்.

நாம் விட்ட தவறு

இந்த இடத்தில் எமது தவறொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாய் வந்த அன்றே நாம் தொலைபேசியை எடுத்தோம். அந்தக் கந்தோரின் மேலதிகாரி எமக்கு அறிமுகமானவர். “கட்டாயம் பார்க்கிறேன் பாதர்” என்றார். நாமும் நிம்மதியடைந்தோம். இரண்டு மாதங்கள் கழிந்தன, ஒன்றும் நடக்கவில்லை. அவர் பொய் சொன்னவர் அல்லர். ஆனால் தொலைபேசியில் தந்த வாக்கின் மேல் எந்த எழுதுவினைஞரும் நடவடிக்கை எடுக்க முடியாது.

பின்னர் எமது நிலையத்தின் கடிதத் தலைப்பில் ஒரு முறைப்பாடு எழுதினோம். பதில் எமக்கு வந்தது, அந்தத் தாய்க்கு வரவில்லை. மூன்றாந் தரப்பினருக்கு ஓர் ஊழியரின் சொந்த விபரங்களைத் தர இயலாது என்று அதில் எழுதியிருந்தார்கள். அது நியாயமான பதிலே. மூன்றாம் முறை, கணவரின் பெயரில், அவருடைய இடது பெருவிரல் அடையாளத்தோடு, சமாதான நீதவான் ஒருவர் அத்தாட்சிப்படுத்த, மேன்முறையீடு போயிற்று. அதுவே கோவையில் ஏறியது. உதவி செய்ய முற்படும் குருக்களும் நிலையங்களும் சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும். எமது செல்வாக்கை நம்பி நாம் கழித்த அந்த இரண்டு மாதங்களுக்குள் அவருடைய அடகுச் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது.

வைத்திய சபை

நோயாளி தானாகப் போய் வைத்திய சபை முன் நிற்க முடியாது. திணைக்களத் தலைவர் கேட்டால்தான் சபை கூடும். ஆகவே வைத்திய சபைக்கு அனுப்பும்படி எழுத்தில் கேட்க வேண்டும். சபைக்குப் போகும் நாளில் சிகிச்சை அட்டைகள், மூளைப் படப்பிடிப்பு அறிக்கை, மருந்துச் சிட்டைகள் அனைத்தையும் திகதி வரிசைப்படி அடுக்கிக் கொண்டுபோவது நன்று. எமது கிராமத்தவர் வைத்தியர் முன்னிலையில் வெட்கப்பட்டு, “இப்ப பரவாயில்லை” என்று சொல்லிவிடுவதுண்டு. அது பணிவு, ஆனால் அங்கே அது தவறான சாட்சியமாகிவிடும். தனியே எழும்ப முடியாது, மலசலகூடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும், பேச்சு விளங்குவதில்லை என்பனவற்றை உள்ளபடியே சொல்ல வேண்டும்.

பெயர்களும் திகதிகளும்

விண்ணப்பம் திரும்பி வருவதற்குச் சாதாரணமான காரணம் பெயர்தான். நியமனக் கடிதத்தில் அந்தோனிப்பிள்ளை, அடையாள அட்டையில் அந்தோனி, விவாகச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்து வேறொரு பெயர். எமக்கு ஒரே ஆள். காரியாலயத்துக்கு மூன்று ஆட்கள். இவ்வாறான வேறுபாடுகளுக்கு, இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து முற்கூட்டியே இணைத்துவிட வேண்டும்.

கோயிலில் நடந்த திருமணத்துக்குக் கோயிற் பதிவேட்டின் பிரதி போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். காரியாலயம் கேட்பது பதிவாளரிடமிருந்து பெறும் விவாகச் சான்றிதழை. இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். திகதியைத் தேடிப் பிடிக்கவே கோயிற் பதிவேடு உதவும். பழைய நியமனக் கடிதம், பதவியில் நிரந்தரமாக்கிய கடிதம், சம்பள ஏற்றக் கடிதம் ஆகியவையும் இடப்பெயர்வுகளில் போனவையே. திணைக்களத்திலுள்ள சுயவிபரக் கோவையிலிருந்து பிரதி கேட்கலாம். அந்தக் கோவையே இல்லையென்றால், தலைமைக் காரியாலயத்திலும் முன்னர் வேலை செய்த கிளைகளிலும் உள்ள சம்பளப் பதிவுகளைத் தேடுமாறு கேட்க வேண்டும்.

பணம் வந்தும் எடுக்க முடியாத நிலை

ஓய்வூதியம் கணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். அவருடைய வலது கை விழுந்துவிட்டால் பழைய கையொப்பம் பொருந்தாது. வங்கி பணம் கொடுக்காது. பணம் கணக்கில் கிடக்க, வீட்டில் அரிசிக்குக் கடன் வாங்கிய குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

இதற்கு வழி இரண்டு. கணவருக்கு நினைவும் விளக்கமும் இருந்தால், வைத்தியச் சான்றிதழுடன் வங்கி முகாமையாளருக்கு எழுதி, கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளத்தைப் பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். ஆள் வர முடியாதவராயின் உத்தியோகத்தர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை. அடுத்தது அற்றோணித் தத்துவம். மனைவி தம் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுத்து, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்வது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அற்றோணித் தத்துவம் கொடுப்பவர் தாம் செய்வதை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். நினைவு தப்பிய பின், விரலைப் பிடித்து மையில் தோய்த்து வைப்பது சட்டத்துக்கு மாறானது. மற்றைய பிள்ளைகளோ உறவினரோ வழக்குப் போட்டால் மனைவியே குற்றவாளியாக நிற்க நேரிடும். மனநிலை தவறியவருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவருடைய சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கும்படி கேட்பதே வழி. வசதியற்றோர் இதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். ஆதலால் கணவர் தலையசைத்துச் சம்மதம் சொல்லக்கூடிய காலத்திலேயே இந்த அலுவலை முடித்துவிடுங்கள். “இப்ப ஏன் இதைப் பற்றிக் கதைக்கிறாய், நான் செத்துப்போவன் எண்டோ?” என்று அவர் கோபிக்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ்

ஓய்வூதியர் உயிரோடிருக்கிறார் என்பதை ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும். கிராம அலுவலர் அத்தாட்சிப்படுத்திய உயிர்வாழ் சான்றிதழ் பிரதேச செயலகத்துக்குப் போகாவிட்டால் பணம் நின்றுவிடும். நடக்க முடியாதவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. கிராம அலுவலரை வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேளுங்கள். மழைக் காலமென்றால் முற்கூட்டியே கேளுங்கள்.

கணவர் இறந்துவிட்டால் அதை உடனே பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அற்றோணித் தத்துவமும் அன்றோடு முடிந்துவிடும். அதன் பின்னர் எடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். விதவைக்கு உரியது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அது நடைமுறையிலுள்ளது. பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் பிள்ளைகளுக்குமாக 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கணவர் உயிரோடிருக்கும்போதே மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் அந்தக் கோவையில் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.

பதில் வராவிட்டால்

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தாலும் 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தாலும், அரசாங்கக் காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. விளங்காத மொழியில் கடிதம் வந்தால் அதை மடித்து வைக்க வேண்டாம். தெரிந்தவரைக் கொண்டு அன்றைக்கே வாசித்தறிந்து, தமிழில் பதில் எழுதி, இனித் தமிழில் அனுப்புமாறு கேளுங்கள். தொடர்ந்தும் மறுத்தால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு கருவி. காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எமது அனுபவத்தில் “எப்போது ஓய்வூதியம் தருவீர்கள்?” என்று கேட்பதை விட, “கோவை இன்று யாருடைய மேசையில் உள்ளது? எந்த ஆவணம் குறைவாக உள்ளது? அதைக் கேட்டு எப்போது கடிதம் அனுப்பினீர்கள்?” என்று கேட்பதே பயன் தரும். அந்தத் தாய் 2017 ஆம் ஆண்டில் அவ்வாறு கேட்டபோதுதான், முன்னர் வேலை செய்த கிளையிலிருந்து விடுமுறைப் பதிவு வராதபடியால் கோவை ஐந்து மாதங்களாக ஓரிடத்தில் கிடந்தது தெரியவந்தது. யாரும் அதைக் கேட்டு எழுதியிருக்கவில்லை. அவரே பஸ் ஏறிப்போய்க் கேட்டு, மூன்று வாரத்தில் அந்தப் பதிவை அனுப்பச் செய்தார்.

இவற்றுக்கும் மசியாத காரியாலயத்தின் மேல், ஒம்புட்ஸ்மன் என்று அழைக்கப்படும் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் முறையிடலாம். முன்னர் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகவே போக வேண்டியிருந்தது. 1994 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் பொதுமகன் எவரும் நேரடியாக எழுதலாம்.

ஓய்வூதியம் இல்லாதவர்கள்

தனியார் நிறுவனத்திலோ கூட்டுத்தாபனத்திலோ வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம் என்பதைப் பலர் அறிவர். நிரந்தரமாக, முற்றாக வேலை செய்ய இயலாதவராகிவிட்டால் வைத்தியச் சான்றுடன் வயதுக்கு முன்பே முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதை அறிந்தோர் குறைவு. தொழிற் திணைக்களக் காரியாலயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 3 வீதம் செலுத்தப்படும் ஊழியர் நம்பிக்கை நிதியையும் மறக்க வேண்டாம்.

இவையொன்றும் இல்லாத கூலித் தொழிலாளருக்கு, வருமானம் குறைந்த குடும்பத்திலுள்ள வலது குறைந்தோருக்கான மாதாந்த உதவிப்பணம் உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். எமது மக்கள் இத்தகைய உதவியைப் பிச்சைச் சம்பளம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டே விண்ணப்பிக்காத வீடுகள் உண்டு. அந்தச் சொல்லை நாம் கைவிடுவது நல்லது.

கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடதாசிக் கோவை இருக்கட்டும். வந்த கடிதங்கள் ஒரு பக்கம், அனுப்பிய பிரதிகள் மறு பக்கம், முன்னால் ஒரு கொப்பி. எந்த நாள், எந்தக் காரியாலயம், யாரைச் சந்தித்தது, என்ன சொன்னார் என்று அதில் எழுத வேண்டும். மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதத்தில் ஒரு நாளைக் கடிதம் வாசிக்கும் நாளாக ஒதுக்கலாம். சிங்களம் தெரிந்த ஆசிரியரோ ஓய்வுபெற்ற எழுதுவினைஞரோ ஒருவர் வந்திருந்தால் போதும். காரியாலயத்துக்குத் தனியே போகும் பெண்ணோடு இன்னொருவர் கூடப் போகட்டும். அவர் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தாலே பதிலின் தொனி மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். நோயாளியோடு அந்த நேரம் வீட்டிலிருக்கவும் ஒருவர் வேண்டும். காரியாலயம் போகும் நாளில் கணவருக்கு யார் கஞ்சி பருக்குவது என்பதே பல மனைவியருக்கு முதற் பிரச்சினை.

அந்தத் தாயின் அலுவல் 19 மாதங்களில் முடிந்தது. பதவி வெறிதாக்கல் அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டது. வைத்திய சபை கூடியது. 2018 ஆம் ஆண்டு ஆனி மாதம் முதலாவது ஓய்வூதியம் கிடைத்தது. நோயுற்ற நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள் வரையான காலத்தின் பெரும்பகுதி சம்பளமற்ற விடுமுறையாகவே கணிக்கப்பட்டது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. ஏலத்தில் போன சங்கிலியும் வரவில்லை. முதலாவது விடுமுறைக் கடிதம் அன்றே போயிருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி ஏற்பட்டிராது.

கணவர் இன்றும் படுக்கையில்தான் இருக்கிறார். அந்தச் சொப்பிங் பைக்குப் பதிலாக இப்போது ஒரு கோவை அவர்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. சென்ற ஆண்டு அயலிலுள்ள ஒரு பெண் எம்மிடம் அலுவலாக வந்தபோது, அவருடைய கையிலும் அதே மாதிரி ஒரு கோவையும் கொப்பியும் இருந்தன. யார் சொல்லித் தந்தது என்று கேட்டோம்.

“அந்த அக்காதான் சுவாமி. முதல்ல கடிதத்தை வாசி, பிறகு அழு எண்டு சொன்னவ” என்றார்.